மிதிபட்டவரைத் தொட்டுக் கும்பிடுதல்

எனக்கு வயது இருபத்தெட்டு. தொழில்முறை ரக்பியிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாக மூக்குக்கண்ணாடியும் மாத்திரை டப்பாவும் பக்கத்தில் இருக்க எழுதுவார்கள். நான் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் பசைத் தொழிற்சாலையின் லோடிங் பகுதியில், ஒரு லாரி போய் அடுத்த லாரி வரும்வரை கிடைக்கிற நேரத்தில் எழுதுகிறேன். அதனால் கட்டுரை அங்கங்கே திடீரென்று நின்றால் பொறுத்துக்கொள்ளவும். லாரி வந்திருக்கும்.

எழுதச் சொன்னவர்கள் பேக்கிங் பிரிவுத் தம்பிகள் மூவர். இந்தக் குளிர்காலத்திலும் அமெரிக்கப் பெருநகரம் ஒன்றின் ரக்பி அணி இங்கே பயிற்சிக்கு வருகிறது, நம் ஆட்களில் உடம்புள்ள இரண்டு பேரை எடுக்கப்போகிறார்கள் என்று நாங்கள் தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்ப் முழுக்கப் பேச்சு. "அண்ணே, நீங்க அமெரிக்கா டீமுக்கு ஆடுன ஆளு. எப்படி நடந்துக்கணும்னு சொல்லுங்கண்ணே" என்று மெஸ் வரிசையில் நிற்கும்போது கேட்டார்கள். வாயால் சொன்னால் சோறு ஆறிவிடும் என்பதால் இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலரில் எழுதுவதாகச் சொல்லிவிட்டேன்.

நான் ஆடிய அணியின் நகரத்தை நான் பார்த்ததில்லை. அங்கே ஒரு பெரிய ஆறு ஓடுகிறது, குளிரில் அது உறைந்துவிடும் என்று சக ஆட்டக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊரின் மானத்தைக் காப்பாற்ற, இங்கே மணலுக்கு நடுவில் தண்ணீர் ஊற்றி வளர்த்த புல்லில் விழுந்து புரண்டேன். ஊரைப் பார்க்காமலே ஊருக்காக உழைப்பது வளைகுடாவில் இருக்கும் நமக்குப் புதிதல்ல. எனக்கு அது வேறு ஊராக அமைந்தது, அவ்வளவுதான்.

எங்கள் முதலாளி அந்த அணியில் ஒரு பங்கு வாங்கினார். டைல்ஸ் பசைக்கும் ரக்பிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கும் இடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். விளம்பரப் பிரிவுத் தலைவர் சுந்தர் சாருக்கு ஒரு யோசனை வந்தது. அணியில் ஓர் இந்திய முகம் இருந்தால் இந்தியாவில் பசை விற்கும். துபாயில் குடும்பத்தோடு வசிக்கிற சென்னைக்காரர் அவர். தொழிற்சாலைப் பக்கம் அதிகம் வரமாட்டார், சட்டையில் தூசி படும். அன்று வந்தார். லோடிங்கில் நின்றிருந்த என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார்.

"ஏதாவது ஸ்போர்ட்ஸ் ஆடியிருக்கியா?"

"பாலிடெக்னிக்ல கபடி சார்."

"கபடி. ஓகே. அதுவும் ஆளைப் பிடிக்கிறதுதானே" என்று சொல்லி, என்னை டெப்யூட்டேஷனில் அமெரிக்க அணிக்கு அனுப்பிவைத்தார். பயிற்சியின் முடிவில் துபாயில் ஒரு ஆட்டம். அது முடிந்ததும் யார் யார் அமெரிக்கா போகிறார்கள் என்று அறிவிப்பார்கள். போகாதவர் லோடிங்குக்குத் திரும்ப வேண்டும். போகாமல் இருக்கக்கூடியவன் அந்த அணியில் நான் ஒருவன்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா அறந்தாங்கி மண்டியில் மூட்டை தூக்கினார். நான் டிப்ளமா படித்து, மூட்டை தூக்குகிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வேலைக்கு வந்தேன். படிப்பு என்னை மூட்டையிலிருந்து ஓரடி தள்ளி நிறுத்தியிருந்தது. புது வேலையைப் பற்றி அப்பாவிடம் போனில் சொன்னபோது, "அதுல உக்காந்துருக்கணுமா, நிக்கணுமாப்பா?" என்று கேட்டார். அவருக்கு வேலைகள் இரண்டே வகை.

"பெரும்பாலும் படுத்துக் கெடப்பேன்ப்பா. மேல நாலஞ்சு பேரு கெடப்பாங்க."

"படிச்ச படிப்புக்கு இதான் குடுத்தாங்களா?" என்றார்.

ஆனால் எனக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. இத்தனை நாளில், காலையில் எழும்போதே போகவேண்டும் என்று தோன்றிய வேலை அது ஒன்றுதான். ரக்பி விதிப் புத்தகத்தை வாங்கி பாலிடெக்னிக் பரீட்சைக்குப் படித்ததுபோல் படித்தேன். ரக்பியில் நாம் முன்னால் ஓட வேண்டும், பந்தைக் கையால் பின்னால்தான் கொடுக்க வேண்டும். மற்ற புது ஆட்களுக்கு இது சிரமமாம். கம்பெனியில் வேலை பார்த்த எனக்கு உடனே வந்துவிட்டது. மேலே இருக்கிறவர் முன்னேறிக்கொண்டே போவதும், கையில் இருப்பது பின்னால் நிற்கிறவன் தலையில் வந்து விழுவதும் நான் அன்றாடம் பார்த்ததுதான்.

பயிற்சியாளர் கோச் ஹாரிஸ் நியூசிலாந்துக்காரர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. மைதானக் கோட்டோரம் மடக்கு நாற்காலி போட்டு, மடியில் பேரீச்சம்பழ டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பழத்தை வாயில் போட்டு நிதானமாகச் சதையைத் தின்று கொட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். யாராவது தவறு செய்தால் ஆட்டம் நிற்கும்போது எழுந்து போய், அவன் உள்ளங்கையில் ஒரு கொட்டையை வைத்து விரல்களை மூடிவிட்டுத் திரும்பிவிடுவார். ஒரு வார்த்தை கிடையாது. வாங்கியவன் அதைக் கையில் பிடித்தபடியே மிச்ச நேரம் ஆட வேண்டும். கதவு நிலையை அடைத்து நிற்கும் எங்கள் கேப்டன்கூட, ஹாரிஸ் நாற்காலியிலிருந்து எழும் சத்தம் கேட்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

இனி ரக் என்பதைச் சொல்ல வேண்டும். தம்பிகள் இதை மட்டுமாவது கவனமாகப் படிக்கவும். பந்தோடு ஓடுகிறவனை எதிரணிக்காரன் பிடித்துச் சாய்க்கிறான். சாய்ந்தவன் பந்தை விட்டுவிட வேண்டும். உடனே இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் ஓடிவந்து, கீழே கிடப்பவர்களுக்கு மேலாக நின்று, தோளோடு தோள் முட்டித் தள்ளுவார்கள். தள்ளி ஜெயித்தவர்களுக்குப் பந்து. கீழே கிடப்பவர்கள் அதுவரைக்கும் தரைதான். வேண்டுமென்றே மிதித்தால் குற்றம். போகிற வழியில் கால் பட்டால் அது ஆட்டம். உடனே அடுத்த இடத்துக்கு ஓடிவிட வேண்டும், அங்கே இன்னொரு ரக் தயாராகிக்கொண்டிருக்கும்.

முதல் நாள், முதல் ரக்கில், என் கால் கேப்டனின் விலாவில் பட்டது. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யார் மீதாவது கால் பட்டுவிட்டால் கை தானாகப் போகும், தொடும், கண்ணில் ஒற்றிக்கொள்ளும். பஸ்ஸில் செய்கிறோம், புத்தகத்துக்குச் செய்கிறோம், தள்ளிவிட்ட துடைப்பத்துக்கும் செய்கிறோம். நானும் குனிந்து கேப்டனின் விலாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நிமிர்ந்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஆட்டம் மைதானத்தின் அடுத்த மூலைக்குப் போயிருந்தது. எலும்பு முறிந்திருக்கிறதா என்று நான் பார்த்ததாக நினைத்து, கேப்டன் மட்டும் கீழே கிடந்தபடி நன்றி சொன்னார்.

அடுத்த ரக்கிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். அன்று மாலை என் கையில் இடம் இல்லாமல் கொட்டைகளைக் காலுறைக்குள் போட்டுக்கொண்டேன். ஆட்டங்களைப் படம் பிடித்து லேப்டாப்பில் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கிற டைலர் என்ற அமெரிக்க இளைஞன், "இருபதாம் நம்பர் ஒவ்வொரு ரக்குக்குப் பிறகும் காணாமல் போகிறார்" என்று அறிக்கை கொடுத்தான்.

உடனே நிர்வாகம் கூட்டம் போட்டது. பெருநகரத்திலிருந்து அணியின் வக்கீல் வீடியோத் திரையில் வந்தார். இது மதச் சடங்கா என்று கேட்டார். மதமென்றால் நிறுத்தச் சொல்லக் கூடாது, சொன்னால் அணிமீது வழக்கு வரும். நான் எழுந்து, "மதம் இல்லை, பழக்கம்தான். நானே நிறுத்திக்கொள்கிறேன்" என்றேன். வக்கீல் முகம் வெளிறிவிட்டது. இவரை யாராவது மிரட்டிச் சொல்ல வைத்தீர்களா என்று கோச்சைப் பார்த்துக் கேட்டார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, இந்தியப் பண்பாட்டு நிபுணராக சுந்தர் சாரை அழைத்தார்கள்.

சுந்தர் சார் நன்றாகப் பேசினார். போர்க்களத்தில் வீழ்ந்த எதிரியை வணங்கிவிட்டு மேலே செல்லும் பழந்தமிழ் வீரர்களின் மரபு அது என்றார். மண்ணையும் மனிதனையும் ஒன்றாகப் பார்க்கும் தத்துவம் என்றார். எனக்கே அன்றுதான் தெரிந்தது. வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டேன்.

"சார், அது சும்மா கால் பட்டா செய்றது சார்."

"எனக்குத் தெரியாதா முருகேசன்? நான் என்ன லண்டன்லயா பொறந்தேன், மாம்பலம்தான். அதை அப்படியே சொன்னா யார் காசு போடுவா?"

அடுத்த வாரம் நெடுஞ்சாலையில் என் படம் வந்தது. கண்ணில் விரல் ஒற்றிய முகம், பின்னால் எங்கள் பசை மூட்டை. 'மரியாதை ஒட்டிக்கொள்ளும்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதன் கீழே எங்கள் லாரிகளே மெதுவாகப் போயின.

கோச் ஹாரிஸ் என்னை ஓரமாக அழைத்தார். "உன்னிடம் இதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை" என்றார். என் உள்ளங்கையை விரித்தார், கொட்டையை வைத்தார், மூடினார். "இது அறிவுரை அல்ல. வெறும் கொட்டை."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு முறை நான் குனியும்போதும் எங்கள் அணி ஓர் ஆள் குறைவாக ஆடுகிறது. போஸ்டரில் இருப்பவனை அமெரிக்காவுக்கு அழைத்துப் போகலாம், ஆனால் ஆட வைக்க மாட்டார்கள். நான் ஆடத்தான் ஆசைப்பட்டேன்.

கேம்ப் அறையில் இதைச் சொன்னேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தர்மலிங்கம் அண்ணன் என் கீழ்க்கட்டில். பரமக்குடிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எதற்கும் உடனே ஒரு தீர்வு வைத்திருப்பார். "இதென்ன பெரிய விசயமா? பழக்கத்த பழக்கத்தாலதான் ஓட்டணும். ஞாயித்துக்கெழம லீவுதான. நாங்க படுக்குறோம், நீ மிதி" என்றார்.

ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டில்களுக்கு நடுவே நான்கு பேர் குறுக்காகப் படுத்தார்கள். கதவிலிருந்து புறப்பட்டு, அவர்கள்மேல் கால் படப் போய், எதிர்ச் சுவரில் ஃபேன் சுவிட்சைத் தொட வேண்டும். நடுவில் குனியக் கூடாது.

"பூட்ஸக் கழட்டிட்டு வாடா. ஆளக் கொன்னுறாத."

"அண்ணே, சாப்ட்ட வயித்துல வேணாம்ணே."

"அமெரிக்காக்காரன் சாப்புடாமயா ஆடுவான்? மிதி. யல்லா, யல்லா, சீக்கிரம்."

அண்ணனின் கணுக்காலில் என் பாதம் பட்டதும் கை போய்விட்டது. மறுபடியும் போனது. "இவன் கையக் கட்டுங்கடா" என்றார். துண்டால் கையைப் பின்னால் கட்டினார்கள். கால் பட்டதும் தலை குனிந்தது. "தலையையும் கட்டணுமோ" என்று கீழே கிடந்த ஒருவர் கேட்டார். பக்கத்து அறைப் பாகிஸ்தானியர் ஒருவர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, "க்யா ஹோ ரஹா ஹை, பாய்?" என்று, என்ன நடக்கிறதென விசாரித்தார். "அமெரிக்கா வேலைக்கு டிரெய்னிங்" என்றோம். அனுதாபத்தோடு கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

சில ஞாயிறுகள் போனபின் ஒரு நாள் வந்தது. கதவிலிருந்து புறப்பட்டேன், நான்கு பேர்மேலும் கால் பட்டது, நேராகப் போய் ஃபேனைப் போட்டேன். எல்லோரும் படுத்தபடியே கைதட்டினார்கள். தர்மலிங்கம் அண்ணன் மட்டும் எழுந்து கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"என்னண்ணே, சரியாத்தான வந்துச்சு?"

"வந்துச்சு வந்துச்சு."

"அப்பறம் ஏண்ணே மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒன்னுமில்லப்பா. வயித்துல மிதிச்சுட்டு நீ பாட்டுக்குப் போற. ஒரு பேச்சுக்காவது திரும்பிப் பாத்திருக்கலாம்."

"நீங்கதானண்ணே பாக்கக் கூடாதுன்னு..."

"நாந்தான் சொன்னேன். இல்லைங்கல. சொன்னா அப்படியே செஞ்சிருவியா?"

அந்த வாரம் முழுக்க அவர் தன் ஊறுகாய்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்தவில்லை.

துபாய் ஆட்டத்துக்கு எதிரணி இங்கேயே வேலை பார்க்கிற வெள்ளைக்காரர்களில் பொறுக்கியெடுத்த அணி. டீச்சர்கள், பைலட்டுகள், ஒரு பல் டாக்டர். எங்கள் தொழிற்சாலையிலிருந்து பஸ்ஸில் ஆட்களைக் கூட்டிவந்து, ஆளுக்கொரு அட்டை கொடுத்திருந்தார்கள், என் கண்ணும் விரலும் அச்சடித்தது. முதலாளி மேலே கண்ணாடி அறையில் இருந்தார். எனக்கென்றே ஒரு கேமராக்காரர் கோட்டோரம் ஓடத் தயாராக நின்றார்.

கடைசிப் பகுதியில் என்னை இறக்கினார்கள். வெகு சீக்கிரமே பந்து எனக்கு முன்னால் விழுந்தது. பல் டாக்டர் எங்கள் ஆளைச் சாய்த்து அவரும் கீழே கிடந்தார். நான் தாழ்ந்து போய் எதிரே நின்ற பைலட்டைத் தோளால் தூக்கித் தள்ளினேன். போகும் வழியில் என் கால் டாக்டரின் தொடையில் பதிந்தது. கை போகவில்லை. பந்து எங்கள் பக்கம் வந்தது, கை மாறியது, நான் அடுத்த இடத்துக்கு ஓடினேன், அங்கேயும் தள்ளினேன். ஓரத்தில் எங்கள் ஆள் கோட்டைத் தாண்டி விழுந்து பந்தைத் தரையில் வைத்தார். புள்ளிகள் எங்களுக்கு. கேப்டன் என் முதுகில் அடித்த அடி இன்றும் குளிர்காலத்தில் தெரிகிறது.

அந்த இடைவெளியில் தண்ணீர் கொண்டுவந்த பிசியோ என் காதில் சொன்னார்: "மேலே கேட்கிறார்கள், கும்பிடு எங்கே என்று. அடுத்ததில் கட்டாயம் வேண்டுமாம்."

அடுத்த ரக்குகளில் என் கால் யார்மேலும் படவில்லை. நன்றாக ஆடினால் அப்படித்தான், கால் புல்லில்தான் பதியும். கேமராக்காரர் மூச்சு வாங்க என்னோடு ஓடிக்கொண்டிருந்தார். பார்வையாளர் வரிசையில் நம் ஆட்கள் அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி கை வலிக்கக் காத்திருந்தார்கள். ஆட்டம் முடியும் நேரம் மறுபடியும் அதே டாக்டர், அதேபோல் என் காலடியில் கிடந்தார். பந்து ஏற்கெனவே எங்கள் பக்கம் வந்துவிட்டது. அவர் தொடை ஒரு ஜாண் தூரத்தில். கேமரா நேர் எதிரே. லேசாக மிதித்துக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் அமெரிக்கா. மிதிக்கத் தேவை இல்லாத ஆளை, மரியாதை காட்டுவதற்காக, மிதிக்க வேண்டும்.

நான் காலைத் தூக்கி அவரைத் தாண்டிப் போனேன். படுத்திருப்பவரைத் தாண்டுவதும் நம் பக்கத்தில் தப்புதான், வளர்த்தி நின்றுவிடும் என்பார்கள். டாக்டர் ஏற்கெனவே ஆறடிக்கு மேல் இருந்ததால் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

விசில் ஊதியதும் கோச் ஹாரிஸ் வந்தார். உள்ளங்கையில் ஒன்றை வைத்து மூடினார். எந்தத் தவறுக்கு என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். கை பிசுபிசுத்தது. திறந்து பார்த்தால் முழுப் பேரீச்சம்பழம். அந்த அணியில் வேறு யாருக்கும் அவர் பழம் கொடுத்து நான் பார்த்ததில்லை. டாக்டரும் தேடிவந்து, தொடையில் என் பூட்ஸ் அடையாளத்தைக் காட்டி, நல்ல ரக் என்று கைகுலுக்கினார். மிதிபட்டவருக்கு ஒரு குறையும் இல்லை.

குறை பட்டவர் கார் நிறுத்துமிடத்தில் நின்றார்.

"என்ன முருகேசன், இப்படிப் பண்ணிட்டியே. ரோட்டுல போர்டு வச்சிருக்கேன். அவ்வளவு பேரும் அட்டையோட உக்காந்திருக்கா."

"சார், டீம் ஜெயிச்சிருச்சு சார்."

"டீம் ஜெயிக்கறது வேற டிபார்ட்மெண்ட்."

"அதச் செய்யணும்னா அந்த டாக்டர வேணும்னே மிதிச்சிருக்கணும் சார்."

"லைட்டா மிதிச்சிருக்கலாமே" என்றார் சுந்தர் சார். அவர் குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது.

அமெரிக்கா போகிறவர்களில் என் பெயர் இல்லை. கோச் ஹாரிஸ் கேட்டுப் பார்த்தாராம். அந்த இடம் ஆட்டக்காரருக்கானது அல்ல, விளம்பரப் பிரிவுக்கானது என்று பதில் வந்ததாம். என் தொழில் வாழ்க்கை அந்தக் கார் நிறுத்துமிடத்தில் முடிந்தது. கலாஸ். சில மாதம் கழித்து டைலர் ஒரு வீடியோ அனுப்பினான். அந்தப் பெருநகரத்து மைதானத்தில், கம்பளிக் குல்லாய் போட்ட ஆயிரக்கணக்கான பேர், புள்ளி விழும்போதெல்லாம் முன்னால் இருக்கும் நாற்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். யாரும் யாரையும் மிதிக்கவில்லை.

தம்பிகளே, போங்கள். நல்ல ஆட்டம், நல்ல மனிதர்கள், கோச் யாராக இருந்தாலும் அவர் வாயைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது.

லோடிங்குக்குத் திரும்பிய முதல் வாரம், காலை ஷிஃப்ட் பஸ்ஸில் நெரிசல். ஏறும்போது யாரோ ஒருவர் காலை நன்றாக மிதித்துவிட்டேன். நேராகப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். பஸ் கிளம்பியபின்தான் பார்த்தேன், செருப்பைக் கழற்றி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் தர்மலிங்கம் அண்ணன். என் கை மடியில் அப்படியே கிடந்தது. நானாக அதை எழுப்பிப் பார்த்தேன். நடிப்பதுபோல் இருந்தது, மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அவர் ஊறுகாய்ப் பாட்டிலை மூடிவைத்தார். லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கட்டில்களுக்கு நடுவே தரையில் குறுக்காகப் படுத்தார்.

"வா" என்றார். "கதவுகிட்டருந்து வா. மிதிச்சுட்டுக் குனியணும். வர்ற வரைக்கும் விடமாட்டேன்."